பச்சை மருந்து காட்டும் வெள்ளைக் கோடு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களின் கை வீக்கத்தைக் கவனிப்பதுதான் என் வேலை. பிசியோதெரபி படித்துவிட்டு, லிம்பெடிமா, அதாவது நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கத்தின் சிகிச்சைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். மதுரையில் இருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை கைகள், கைகள், நடுவில் சில கால்கள். தோலை மெல்ல நகர்த்தி நிணநீரை வடிய வைப்பது, அடுக்கடுக்காகப் பேண்டேஜ் சுற்றுவது, வீக்கம் வற்றியதும் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவுக்கு அளவெடுப்பது, வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்லித் தருவது.

இந்த வேலையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. நான் நாள் முழுக்கக் கையாளும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. ரத்தக்குழாய் என்றால் சிலது தோலுக்கு மேலேயே நீலமாகத் தெரியும், சிலது தொட்டால் துடிக்கும். நிணநீர் என்பது திசுக்களில் ஊறி, தனி நாளங்கள் வழியாக ரத்தத்துக்குத் திரும்பும் திரவம். அதற்கோ நிறமே இல்லை. அதைச் சுமக்கும் நாளங்கள் கையில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, சுவரும் கண்ணாடித்தாள் போலத்தான். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அறுத்துத் திறந்து பார்க்கும் சர்ஜனுக்கே கொழுப்புக்குள் அது எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் எங்களுக்கு வழிகாட்டி புத்தகத்தில் போட்ட படம்தான். எல்லார் உடம்பிலும் ஓட்டம் இப்படித்தான் இருக்கும் என்ற பொதுப்படம்.

சாயம் போட்டுப் பார்க்கும் பரிசோதனை எங்கள் பக்கத்துக்கு வந்த பிறகு அந்த நிலைமை மாறியது. அதைப் பற்றித் தமிழில் விளக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கை வீங்கிய பெண்களும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மருந்தின் பெயர் இண்டோசயனின் கிரீன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஐசிஜி என்பார்கள். சின்னக் குப்பியில் 25 மில்லிகிராம் கரும்பச்சைத் தூளாக வரும். ஊசிக்கான சுத்தமான தண்ணீரில் கரைத்தால் அடர்பச்சைத் திரவம். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், அப்புறம் கெட்டுவிடும். 1950களில் கோடாக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான சாயம் இது. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது, கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கத்தான் முதலில் பயன்பட்டது. கண் டாக்டர்கள் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்களைப் பார்க்க இன்றும் இதைத்தான் போடுகிறார்கள். நிணநீர் வீக்கத்துக்கு இதைப் பயன்படுத்திய ஆரம்பகால அறிக்கைகளில் ஒன்று 2007இல் ஜப்பானின் ஹமாமட்சுவிலிருந்து வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டுமே எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

முதலாவது, இது உடம்புக்குள் போனதும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலுக்குள் மேலாக ஊசி போட்டால், அங்கே உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மூலக்கூறாகிவிடும். அந்த அளவுக்கு ரத்த நுண்குழாயின் சுவர் வழிவிடாது. நிணநீர் நுண்குழாயின் சுவரில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாகப் படிந்திருக்கும், சுற்றிலும் திரவம் கூடினால் அந்த இடைவெளிகள் திறக்கும். புரதம் அந்த வழியாகத்தான் நுழையும். ஆக, போட்ட சாயம் தானாகவே நிணநீர் நாளத்தைத் தேடிப் போய்விடுகிறது.

இரண்டாவது, வெளிச்சம். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பால் உள்ள அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், அது சுமார் 830 நானோமீட்டர் அலைநீளத்தில் திருப்பி ஒளிர்கிறது. அந்த ஒளியைத் தோலும் ரத்தமும் அதிகம் விழுங்குவதில்லை. தோலைத் தாண்டி வெளியே வந்துவிடும். வெறும் கண்ணால் பார்த்தால் ஊசி போட்ட இடத்தில் பச்சைப் புள்ளி மட்டும்தான் இருக்கும். கேமரா வழியாகப் பார்த்தால் கரிய கையின்மேல் வெள்ளைக் கோடு ஓடும். ஆனால் இதற்கு எட்டுகிற ஆழம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சென்டிமீட்டர்தான். நெஞ்சுக்குள் ஓடும் பெரிய நாளத்தையோ வயிற்றையோ இதில் பார்க்க முடியாது. கை கால் வீக்கத்துக்கு இந்த ஆழமே போதும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் தோலுக்குக் கீழேதான்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு இந்தப் பரிசோதனை நடந்தபோது கூடவே இருந்தேன். இடது மார்பில் ஆபரேஷன், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் வழியில் இருக்கும் முடிச்சுகளை, முழுக்க எடுத்திருந்தார்கள், அப்புறம் ரேடியேஷன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன கை. இப்போது மேல்கை வீங்கி, ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைத்துப் போட்டிருந்தார்.

அறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கையும் அணைத்தார்கள். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் படம் வெளுத்துவிடும். டாக்டர் விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டு அருகிலும் மெல்லிய ஊசியால் துளித்துளியாகப் போட்டார். ஒரு இடத்துக்கு 0.1 மில்லிகூட இருக்காது. ஆனாலும் அது தோலுக்குள்ளேயே போடும் ஊசி, நன்றாக எரியும். முன்கூட்டியே ஐஸ் வைத்தால் கொஞ்சம் தாங்கும். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதலில் திரையில் புள்ளிகள் மட்டும்தான். "கையை மூடித் திறங்கக்கா" என்றேன். நாலைந்து முறை மூடித் திறந்ததும் புறங்கையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. சீராகப் போகவில்லை. கொஞ்சம் நகரும், நிற்கும், சட்டென்று ஒரு சொட்டு வெளிச்சம் மேலே தாவும். நிணநீர் நாளத்துக்குத் தனியாக இதயம் கிடையாது. அதன் சுவரில் உள்ள தசை நிமிடத்துக்குச் சில முறை சுருங்குகிறது, வால்வுகள் பின்னால் போகவிடாமல் தடுக்கின்றன. பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, நோயாளிகளிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். ஒரு உயிருள்ள கையில், அந்தக் கைக்காரரும் கூடவே பார்த்துக்கொண்டிருக்க, அது நடந்தது. "தாயி, இது என் கைதானா?" என்று கேட்டார்.

முன்கையில் கோடு ஒழுங்காக ஓடியது. முழங்கையைத் தாண்டி மேல்கையின் உள்பக்கம் வந்ததும் கலைந்துவிட்டது. கோடு இல்லை, பொடிப்பொடியாக வெள்ளை. முன்னே போக வழியில்லாமல் நாளத்துக்குள் இருந்த திரவம் தோலின் நுண்குழாய்களுக்குள் திரும்பி வழிந்த இடம் அது. டாக்டர்கள் இந்தத் தோற்றங்களை வகை பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்கோடு நல்ல நாளம். அடுத்து தெறிப்பு, அதற்கடுத்து நட்சத்திரத் தூள், கடைசியில் எல்லாம் ஒரே வெள்ளையாகப் படர்ந்துவிட்ட நிலை. இந்த அக்காவுக்கு மேல்கையில் நட்சத்திரத் தூள்.

டாக்டர் என்னைக் கை வைக்கச் சொன்னார். தூளாக இருந்த இடத்துக்கு மேலே உள்ளங்கையைப் பதித்து, மிக மெதுவாக, தோலை விட்டுவிடாமல் மேல்நோக்கி நகர்த்தினேன். நாங்கள் வழக்கமாகத் தரும் இறகுத் தொடலுக்கு அது அசையவே இல்லை. கொஞ்சம் அழுத்தம் கூட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் நகர்ந்தது. அப்புறம்தான் அந்தப் புதுக் கோடு தெரிந்தது. அக்குளுக்கும் போகவில்லை, நெஞ்சைக் குறுக்கே தாண்டி வலது அக்குளுக்கும் போகவில்லை. தோளின் முன்பக்கமாக ஏறி, காறை எலும்புக்கு மேலே கழுத்தடியில் போய் மறைந்தது. டாக்டர் பேனாவால் அந்த வழியைத் தோலில் வரைந்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "மடையை அடைச்சா தண்ணி சும்மாவா இருக்கும், வரப்பை ஒடைச்சுக்கிட்டு அடுத்த வயலுக்குப் போகத்தானே செய்யும்" என்றார். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் விவசாயம் பார்த்தவர். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. இப்போது மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் சிகிச்சை முறையின் அடிப்படை 1930களில் வந்தது. எமில் வாடர் என்ற டேனிஷ்காரர் பிரான்ஸில் வேலை பார்த்தபோது உருவாக்கியது. பின்னால் வந்தவர்கள் அதை விரித்தார்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வழி அடைபட்டது என்று வைத்துக்கொண்டு, நிணநீரை நெஞ்சுக்குக் குறுக்கே எதிர் அக்குளுக்கும், விலாப்பக்கம் கீழே தொடை இடுக்குக்கும் தள்ள வேண்டும் என்பது பாடம். உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் இதுதான் சொல்லித் தரப்பட்டது. சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஹிரோ சுவாமியும் அவருடைய குழுவினரும் நிறையக் கைகளை ஐசிஜி போட்டுப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்குக் கைகளில் நிணநீர் இன்னும் அதே பக்கத்து அக்குளுக்கே ஏதோ ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்தபடியாகக் காறை எலும்புப் பகுதி, அப்புறம் நெஞ்செலும்பை ஒட்டிய பகுதி. எதிர் அக்குளுக்குப் போனவை கொஞ்சம்தான்.

அதாவது மூடிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்ட பக்கமே பலருக்குத் திறந்திருக்கிறது. யாருக்கு எது திறந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சாயம்தான் சொல்லும். இதற்காகத்தான் இந்தப் பரிசோதனையை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

மேலூர் அக்காவுக்கு அதன்பிறகு நெஞ்சைக் குறுக்கே தள்ளுவதை நிறுத்திவிட்டேன். காறை எலும்புக்கு மேலே முதலில் வழி ஏற்படுத்தி, தோளின் முன்பக்கமாக ஏற்றினேன். பேனாக் கோட்டை மருமகள் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் அதே வழியில் செய்தாள். கை பழைய அளவுக்குத் திரும்பவில்லை, பேண்டேஜும் ஸ்லீவும் இல்லாமல் முடியவும் இல்லை. ஆனால் மேல்கையில் இருந்த கல் போன்ற இறுக்கம் இளகியது. ஜாக்கெட்டை மறுபடி பிடித்துத் தைத்துக்கொண்டார்.

நிணநீர் நாளத்தைக் கண்ணால் பார்க்க மனிதர்கள் பட்ட பாடு 400 வருஷத்துக் கதை. 1622இல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி என்ற மருத்துவர் நாய் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக இழைகளைக் கண்டார். நரம்பு என்றுதான் முதலில் நினைத்தார். குத்தினால் பால்போல வந்தது. அந்த நாய் சற்று முன்புதான் சாப்பிட்டிருந்தது. சாப்பாட்டுக் கொழுப்பு நிணநீரில் கலந்து அதை வெள்ளையாக்கியிருந்தது. முதன்முதலில் கிடைத்த சாயம் அந்தக் கொழுப்புதான் என்று சொல்லலாம். பட்டினி கிடந்த நாயாக இருந்திருந்தால் அவர் எதையும் பார்த்திருக்கமாட்டார். அப்புறம் பாதரசத்தை ஏற்றிப் பார்த்தார்கள். சியனாவில் பாவ்லோ மஸ்காஞ்ஞி இறந்த உடல்களில் பாதரசம் செலுத்தி முழு உடம்பின் நிணநீர் நாளங்களையும் வரைந்து 1787இல் வெளியிட்டார். வால்வுகள் பின்பக்கம் விடாது என்பதால் பெரிய நாளத்திலிருந்து ஏற்ற முடியாது, ஓரத்தில் உள்ள மிக மெல்லிய நாளத்தைத் தேடிப் பிடித்து அதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

உயிருள்ளவர்களுக்குப் பாதரசம் ஆகுமா? அதற்கு நீலச் சாயம் வர வேண்டியிருந்தது. 1933இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹூடாக், மெக்மாஸ்டர் இருவரும் மனிதத் தோலில் நீலச் சாயம் போட்டு நிணநீர் நுண்குழாய்களைப் பார்த்தார்கள். 1952இல் லண்டன் சர்ஜன் ஜான் கின்மான்த் ஒரு படி மேலே போனார். கால்விரல் இடுக்கில் பேட்டன்ட் ப்ளூ என்ற நீலச் சாயத்தைப் போடுவார். சிறிது நேரத்தில் பாதத்தின் மேல்பக்கம் நீல இழை தெரியும். அங்கே தோலை அறுத்து, அந்த இழைக்குள் ஊசியை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார். பிற்பாடு அதற்கு லிப்பியோடால் என்ற எண்ணெய் வழக்கத்துக்கு வந்தது, கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்தது. ஒரு காலுக்குச் சில மில்லிதான், ஆனால் நாளம் வெடித்துவிடாமல் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் நெறிக்கட்டிகளின் படம். சிடி ஸ்கேன் வருவதற்கு முன்பு, ஹாட்ஜ்கின் நோய் என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய் வயிற்றுக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்று இப்படித்தான் பார்த்தார்கள். மிச்ச எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சேரும், அதனால் நுரையீரல் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. நோயாளியும் அத்தனை நேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். இன்று அதே லிப்பியோடாலை அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தொடை இடுக்கு நெறிக்கட்டிக்குள் நேராகப் போடுகிறார்கள். நெஞ்சுக்குள் நிணநீர் கசிகிற நோயாளிகளுக்குக் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. சிலருக்கு அந்த எண்ணெயே கசிவை அடைத்தும் விடுகிறது.

நீலச் சாயத்துக்கு இன்னொரு வேலையும் வந்தது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய வேலை அதுதான். கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி எது என்று நீலத்தைத் தொடர்ந்து போய்ப் பார்த்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பது. அதில் புற்றுநோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. 1992இல் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோய்க்கு இதைச் செய்து காட்டினார், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ மார்பகத்துக்கு. கதிரியக்க மருந்தையும் நீலத்தையும் சேர்த்துப் போடுவது வழக்கம். நம் ஊரில் பல இடங்களில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம்தான். விலை மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும். தோலுக்குள் மேலாகப் போட்டால் அந்த இடம் புண்ணாகலாம், அதனால் ஆழமாகப் போடுவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்பட வேண்டாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சில மாத்திரைகளுக்கு மெத்திலீன் ப்ளூ ஒத்துக்கொள்ளாது.

2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கு உண்டு. அக்குளை முழுக்கச் சுத்தம் செய்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்குக் கை வீங்கியது. முதல் நெறிக்கட்டியை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 6 பேருக்கு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பெண்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். சிலருக்கு நோய் அக்குளுக்குப் பரவியிருந்ததால் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் நோய் ஆரம்ப நிலையிலேயே இருந்தும், நீலம் போட்டுப் பார்க்காமல் முழுக்க எடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் எடுத்த நெறிக்கட்டிகள் எல்லாமே சுத்தம் என்று எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு மனசு தாங்காது. ஆபரேஷனுக்கு முன்பே, "முதல் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேளுங்கள். எல்லாருக்கும் பொருந்தாது, காரணத்தை டாக்டர் சொல்வார்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து யானைக்கால் நோயாளிகளும் வருவார்கள். அங்கே கதை வேறு. கொசு கொண்டுவந்த புழு நிணநீர் நாளத்துக்குள்ளேயே குடியிருந்து, நாளத்தை அகலப்படுத்தி, வால்வுகளைக் கெடுத்துவிடுகிறது. முற்றிய காலில் சாயம் போட்டால் பெரும்பாலும் ஒரே வெள்ளைப் படர்வுதான் கிடைக்கும், கோடு கிடைப்பது அபூர்வம். அவர்களுக்குத் தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் புண் வராமல் பார்த்துக்கொள்வதே படத்தைவிடப் பலன் தரும்.

இனி, ஐசிஜி பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அயோடின் ஒவ்வாமை இருந்தால், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அன்று காலையில் கையில் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டாம். தோளும் கழுத்தும் திறந்திருக்கிற மாதிரி உடை போட்டுக்கொள்ளுங்கள், பாதை தோளுக்கு மேலே போகலாம். சாயம் ஏற நேரம் பிடிக்கும், சில இடங்களில் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஊசி போட்ட இடத்தில் பச்சைப் புள்ளி கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும்.

அப்புறம், பரிசோதனை செய்யும் டாக்டர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். என் கைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: தோலில் பின்வழிதல் உள்ளது, நிலை இத்தனை. நிணநீர் நாளத்தைச் சின்ன ரத்தக்குழாயோடு இணைக்கும் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த வரி போதுமாக இருக்கலாம். அந்தக் கையைத் தினமும் தொடப்போகிறவளுக்குப் போதாது. கோடு எதுவரை நன்றாக ஓடியது, எங்கே கலைந்தது, கடைசியில் எந்த நெறிக்கட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது, இந்த மூன்றையும் எழுதிவிடுங்கள். எழுத நேரமில்லை என்றால் தோலில் பேனாவால் வரைந்ததை அழிப்பதற்கு முன்பு, கழுத்திலிருந்து விரல் நுனிவரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து நோயாளியின் போனிலேயே கொடுத்துவிடுங்கள்.